பேசாத காலண்டர்

"மேடையில நான்தான் பேசணும் சார்."

கேட்டேவிட்டாள். வேலையில் சேர்ந்த அன்று அம்மா வாசலில் நிறுத்திச் சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். "எவ்வளவு வேணா உழை. எனக்குன்னு மட்டும் வாயத் திறந்து எதையும் கேட்டுடாதே. கேக்குறவளத்தான் மொதல்ல அனுப்புவாங்க." அம்மா ஹோட்டல் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள், கேட்காமலேயே காலத்தைத் தள்ளியவள். அவள் பெற்ற மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், முதலாளியின் கண்ணாடி அறையில், உட்கார் என்று யாரும் சொல்லாத நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி தான் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரை மேசைமேல் இருந்த செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் ஊற்றி முடித்தார்.

"டீம்ல எல்லாரும் ஒண்ணுதான்மா."

"அப்ப நானே பேசுறேன்."

"அப்படி இல்லம்மா. ஆளுக்கு ஒரு பலம். உனக்கு வேலை, ஸ்மைலிக்குப் பேச்சு."

"நாளைக்குப் பேசப்போறதே அந்த வேலையப் பத்தித்தானே சார்?"

"உன்ன ஆபீஸ்ல என்னன்னு கூப்பிடுறாங்க?"

"மிளகாய்."

"பாத்தியா. மிளகாய மேடையேத்தி மைக்கையும் குடுத்தா, முன் வரிசைல இருக்குற ஆஸ்பத்திரிக்காரங்க தும்மிக்கிட்டே எழுந்து போயிடுவாங்க." தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். "போ, போய் வேலையப் பாரு. ஆஸ்பத்திரி சைட்டோட ஸ்கோர் இன்னும் தொண்ணூத்தொண்ணுல நிக்குது. பேனர்ல நூறுன்னு அடிச்சாச்சு."

அவள் கதவைச் சாத்திய வேகத்தில் செடி ஆடியது.

ஆத்திரம் முதலாளி மேல் இல்லை. முதலாளி என்றால் அப்படித்தான் இருப்பார் என்பது அவளுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட விஷயம். வயிறு எரிந்ததெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்யும் ஸ்மைலியைப் பார்த்துத்தான். அவள் சிரித்துக்கொண்டே பிறந்திருப்பாள் போல. அப்பா டாக்டர், அம்மா கல்லூரியில் ஆசிரியை. தடுக்கி விழுந்தால்கூடத் தாங்க மெத்தை விரித்து வைத்திருக்கும் வீடு. அங்கே இருந்து வந்தவளுக்குச் சிரிக்க என்ன கஷ்டம்?

இந்த வேலை யாரால் வந்தது என்று யாராவது கேட்டால்தானே.

வந்தது அக்காவால். அக்காவுக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே பார்வை மங்கத் தொடங்கி, அடங்கி, அணைந்தேபோயிற்று. ஆனால் வாய் அணையவில்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். அதை அக்கா மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். ஒருநாள் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க உட்கார்ந்தாள். குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எது எதற்கான பட்டன் என்று எழுதி வைக்க அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஏண்டி, இந்த சைட்டச் செஞ்சது உங்க ஆபீஸ்தானே?" என்றாள் அக்கா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "செஞ்சவன் கைல கெடச்சா என் பல்ல அவன் வாயில வெச்சுடுவேன்."

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றாள். "அப்படிப்பட்டவங்க எத்தன பேரும்மா நம்ம சைட்டுக்கு வராங்க?" என்றார் அவர். "வந்தவங்கள உள்ள விடலைன்னா எப்படி சார் வருவாங்க?" என்றாள். அன்று ஒட்டியதுதான் மிளகாய் என்ற பெயர். பிறகு ஆஸ்பத்திரியே எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி சைட் வேண்டும் என்று கேட்டபோது, முதலாளிக்கு அது தானே கண்டுபிடித்த யோசனையாகிவிட்டது. வெளியூரில் ஏதோ பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்த ஸ்மைலியைத் தலைமையில் உட்கார வைத்தார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் எழுதியவள் மிளகாய். கையால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் விசைகளை மட்டும் தட்டியே கடைசிவரை போகிற மாதிரி வழி அமைத்தவள் அவள். வெளிறிய எழுத்துகளைக் கறுப்பாக்கியவளும், "தவறு" என்று சிவப்பில் காட்டிவிட்டு மௌனமாக நிற்கும் கட்டங்களை வாய்திறந்து என்ன தவறு என்று சொல்லவைத்தவளும் அவளே. சான்றிதழ் மட்டும் இல்லை.

அதையும் பொறுத்திருப்பாள். சோதித்துப் பார்க்க அக்காவையே அழைக்கலாம் என்று ஸ்மைலி சொன்னாள், கார் அனுப்பினாள், வாசலுக்கே போய் நின்றாள். "உங்க கையப் பிடிச்சுக்கலாமா அக்கா, இல்ல நீங்க என் தோளப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று முதலில் கேட்டாள். மிளகாய் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் பழக்கம். அக்கா முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்ததே, அதைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. என் அக்காவை இவள் எப்படி அக்கா என்று கூப்பிடலாம்?

வீட்டில் அன்றிலிருந்து அந்தப் பாட்டுதான். ஸ்மைலி இதைச் சொன்னாள், ஸ்மைலி அதைக் கேட்டாள்.

"அவ குரல்லயே சிரிப்பு கேக்குதுடி."

"என் குரல்ல?"

"பல்லக் கடிக்கிறது கேக்குது."

நாளைக்கு அந்த ஸ்மைலியும் அக்காவும் ஆஸ்பத்திரி அரங்கத்து மேடையில் அக்கம்பக்கமாக நிற்கப்போகிறார்கள். எல்லோர் முன்னாலும் அக்கா தானாக ஒரு டாக்டரிடம் நேரம் பதிவு செய்து காட்டுவாள். ஸ்மைலி விளக்கிச் சொல்வாள். எல்லாம் நல்லபடி முடிந்தால், இனி வரும் பக்கங்களையெல்லாம் சோதித்துச் சொல்லும் வேலைக்கு ஆஸ்பத்திரியே அக்காவை வைத்துக்கொள்ளும். அக்காவின் வாழ்க்கையில் முதல் வேலை.

மதியத்துக்கு மேல் ஜன்னலோரத்தில் கூச்சல் எழுந்தது. தளத்தைச் சோதித்து மதிப்பெண் போடும் கருவியில் பச்சை வட்டம் முழுதாகச் சுற்றி நூறு காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி வெளியே வந்து ஸ்மைலியின் தோளைத் தட்டினார். "மிளகாய்க்கும் கைதட்டுங்கப்பா," என்று டிசைனர் சொன்னான். பாதிப் பேர் தட்டினார்கள்.

தொண்ணூற்றொன்று மதியத்துக்குள் நூறாவதெப்படி? மீதி ஒன்பதையும் தின்றது தேதி தேர்ந்தெடுக்கும் காலண்டர். எங்கோ வெளியே இருந்து எடுத்து ஒட்டியது. அதைச் சீர்செய்ய இரண்டு வாரமாவது வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். மூக்கு வேர்த்தது. ஹெட்போனை மாட்டினாள், திரையை அணைத்தாள், வேறு யாரையும் நம்பாத பழக்கத்தில் கண்ணையும் மூடிக்கொண்டாள். விசையைத் தட்டிக்கொண்டே போனாள். பெயர். வயது. எந்த டாக்டர். அடுத்து குரல் சொன்னது: "பதிவு செய்."

தேதி எங்கே? திரும்பிப் போனாள். எந்த டாக்டர். பதிவு செய். நடுவில் ஒன்றுமே இல்லை.

உள்ளே திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. காலண்டருக்கு மேல் ஸ்மைலி ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தாள். குரலுக்கும் விசைக்கும் இந்தப் பெட்டி தெரியாமல் இருக்கட்டும் என்று அதற்குப் பொருள். கண்ணால் பார்த்து மவுஸால் தொடுகிறவர்களுக்குக் காலண்டர் பளிச்சென்று இருக்கும். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மதிப்பெண் போடும் கருவிக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் அது எப்படித் தப்பு கண்டுபிடிக்கும்? நூறு வந்துவிட்டது.

அவளுக்கு முதலில் வந்தது கோபமே இல்லை. உச்சி குளிர்ந்தது. ஐஸ் வைத்த மாதிரி தலையிலிருந்து பாதம்வரை இறங்கிய அந்தச் சுகத்தை அவள் மறைக்கக்கூட முயலவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அனுபவித்தாள். மேடை, முன் வரிசை, ஒலிபெருக்கியில் குரல், குரலில் ஓட்டை. அந்தச் சிரிப்பு எந்தப் பக்கமாக ஒழுகி இறங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஸ்மைலி அவள் மேசைக்கு வந்தாள். "ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுறியா? எனக்குப் பயமா இருக்கு."

"நூறு வந்துருச்சே. அப்புறம் என்ன பயம்?" என்றாள் மிளகாய். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா அலமாரியைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு உடை.

"எதுடி நீலம்?"

"எதுக்கு?"

"ஸ்மைலி நீலம் போடுதாம். ரெண்டு பேரும் ஒரே கலர்ல போலாம்னு சொல்லுச்சு. அக்கா தங்கச்சி மாதிரி இருக்குமாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சொல்லிவிடலாமா என்று ஒரு மனசு நச்சரித்துக்கொண்டுதான் வந்தது. அந்த ஒரு வார்த்தையில் அது வாயை மூடிக்கொண்டது.

வலது கையில் இருந்தது பழுப்பு. அதைக் காட்டி நீலம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "எடது கைல இருக்குறது," என்றாள். அந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். நிறத்தில் பொய் சொல்லாதவள், நாளை நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டே உடையை மடித்துக் கொடுத்தாள்.

"ஏண்டி பேச்சே இல்ல? பொறாமையா?"

"யாரப் பாத்து?"

"என்னைக் கேக்குறியா? வாசன வருதுடி, அடுப்புல வெச்சு மறந்த மாதிரி." அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "நீ காலேஜ் போன வருஷமெல்லாம் எனக்கும் இப்படித்தான் தீஞ்சுது. உன் பை மாட்டுற ஆணி இருக்கே, அதுல தினமும் தல இடிக்கும். வேணும்னே எனக்காக அடிச்ச ஆணின்னு நெனச்சுக்குவேன். ஆனா ஒண்ணு, உன் பையத் தூக்கி வெளில எறியல."

"எறிய வேண்டியதுதானே."

"அதுல எங்கடி கனம் இருந்துச்சு? நாலு பேப்பரும் ஒரு டிபன் டப்பாவும்." சிரித்தாள். "நாளைக்கு அந்த வேல மட்டும் கெடைக்கட்டும். அம்மாகிட்ட கைநீட்டாம ஒரு சோப்பு வாங்குவேன். எனக்குப் புடிச்ச வாசனைல."

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும். எதிரே மடித்து வைத்த நீல உடை கண்ணில் பட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அரங்கத்தை ஒட்டிய சின்ன அறையில் மடிக்கணினியோடு அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். ஸ்மைலி முன் வரிசை விருந்தினர்களைப் பார்க்கப் போயிருந்தாள். நீலம்தான். மிளகாய் சுவரோடு சாய்ந்து நின்றாள். வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். யாரோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

"ஒரு தடவ பழகிக்கிறேன்," என்று அக்கா விசைகளில் விரல் வைத்தாள்.

பெயர். வயது. எந்த டாக்டர். பதிவு செய்.

அக்காவின் விரல் நின்றது. பின்னால் போனாள். மறுபடி வந்தாள். மறுபடி. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு மெதுவாக, ஒவ்வொரு விசையாகத் தடவிப் பார்த்துத் தட்டினாள். பதிவு செய்.

"போன வாரம் வந்துச்சே," என்றாள், தனக்குத்தானே. "நான்தான் என்னமோ தப்பாத் தட்டுறேன். பயத்துல வெரல் தாண்டிப் போகுது." நெற்றியில் வேர்வை அரும்பியது. "மக்கு, மக்கு. ஒழுங்காத் தட்டு." தன் கைமேல் தானே ஓங்கி அடித்தாள்.

அந்த அடி ஸ்மைலிக்கு விழவேண்டியது. மேடையில் ஸ்மைலி விழிப்பதைத்தான் மிளகாய் நேற்றெல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அந்தப் படத்தில் அக்கா நின்ற இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"உன் வெரல்ல ஒண்ணும் இல்லக்கா. காலண்டர மறைச்சு வெச்சிருக்கு. குரலுக்குத் தெரியாது. நூறு வாங்குறதுக்காக அவ மறைச்சுட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துப் பாத்தேன்."

"நேத்தா?"

அக்காவின் முகம் அவள் குரல் வந்த திசைக்கு நேராகத் திரும்பியது. "நேத்து எப்ப?"

"மதியம்."

"அப்ப நான் நீலம் எதுன்னு கேட்டப்ப உனக்குத் தெரியும்."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியும் ஸ்மைலியும் வந்தார்கள். "ரெடியா?" என்றார் முதலாளி.

மிளகாய் சொன்னாள். மென்று விழுங்காமல், ஆளைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். நேற்றே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். ஸ்மைலியின் சிரிப்பு கழன்றது. ஆனால் நினைத்த சுவை அதில் இல்லை. வெறும் பயந்த முகம்.

"அந்தக் கட்டளையப் போட்டா எரரெல்லாம் போயிடும்னு இன்டர்நெட்ல ஒரு பக்கத்துல போட்டிருந்தாங்க. நான் ஸ்கோர மட்டுந்தான் பாத்தேன்," என்றாள் ஸ்மைலி.

"எரர் போகல. தேதி போச்சு."

"நான் உன்ன ஓட்டிப் பாக்கச் சொன்னேனே."



முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "சரி. பதறாதீங்க. தேதிய நாமளே முன்னாடி போட்டு வெச்சுடுவோம். இவங்க பேரு, வயசு, டாக்டர், அப்புறம் பதிவு செய். முடிஞ்சுது. யாரு கவனிக்கப் போறா?"

"பார்வ இல்லாதவங்க யாராவது நாளைக்கு வீட்ல ஒக்காந்து கவனிப்பாங்க," என்றாள் மிளகாய்.

"நாளைய நாளைக்குப் பாத்துக்கலாம். அந்த மறைப்ப எடுத்தா ஸ்கோர் எறங்கும். வெளில பேனர் தொங்குது." குரலைத் தாழ்த்தினார். "நீ மேடைதானே கேட்ட? எடுத்துக்கோ. இப்ப நீயே ஏறிப் பேசு. ஸ்மைலி கீழ ஒக்காரட்டும். இனிமே இந்த வேலைக்கு நீதான் தலைமை. இந்த ஒரு விஷயத்த மட்டும் வெளில விடாதே."

கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஸ்மைலி தலையைக் குனிந்து நின்றாள். அந்த ஒரு கணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மிளகாய் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வாய் நிறைய ஊறியது. துப்பவும் முடியவில்லை.

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தக் கட்டளை இருந்த இடம் அவளுக்கு மனப்பாடம். அழித்தாள். தளத்துக்கு அனுப்பினாள். "ஏய், ஏய்," என்று முதலாளி கை நீட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இப்பத் தட்டுக்கா."

அக்கா தட்டினாள். எந்த டாக்டர். பிறகு காலண்டர் வாயைத் திறந்தது. மாதத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் எண்களை ஒப்பித்தது. நடுவில் சம்பந்தமில்லாமல் "படம்" என்றது. கடந்துபோன நாட்களையெல்லாம் இழுத்து இழுத்துப் படித்தது. அக்கா பொறுமையாகத் தட்டித் தட்டி ஒரு தேதியில் போய் நின்றாள்.

"அசிங்கமாப் பேசுது," என்றாள். "ஆனா பேசுது. இதோட மேடைக்குப் போறேன். எங்கெங்க குத்துதுன்னு அவங்க முன்னாடியே சொல்றேன். இதச் சொல்லத்தானே என்ன வேலைக்குக் கூப்பிடுறாங்க? ஊமையா இருக்குறத நல்லா இருக்குன்னு சொல்ல எதுக்கு நான்?"

"உங்களுக்கு வேல கெடைக்காமப் போயிடும்மா," என்றார் முதலாளி.

"போனாப் போகட்டும் சார். கெடச்சு, பொய்யா ஒக்காந்திருக்குறதுக்கு எங்க வீட்டுக் கட்டிலே மேல்." எழுந்தாள். கையை நீட்டினாள்.

மிளகாய் ஓரடி முன்னால் வந்தாள். மேடை இப்போது அவளுடையது, முதலாளியே சொல்லியாயிற்று.

"நீ இல்ல," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "ஸ்மைலி, உன் தோளக் குடும்மா."

"அக்கா, அவதானே மறைச்சா!"

"அவ தெரியாம மறைச்சா. நீ தெரிஞ்சு மறைச்ச. மேடையில தட்டுத் தடுமாறி நிக்கும்போது, பக்கத்துல நிக்கிறவ அத வேடிக்க பாக்க மாட்டான்னு எனக்கு நம்பிக்க வேணும்டி. இன்னிக்கு உங்கிட்ட அது இல்ல."

ஸ்மைலி மிளகாயைப் பார்த்தாள். மன்னிப்பா, நன்றியா, என்ன எழவோ, ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். "பேசாமப் போ," என்றாள் மிளகாய். இரண்டு நீலமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்குப் பின்னால் போயின. அக்காவின் கை அந்தத் தோளில் எவ்வளவு லேசாக இருந்தது என்று பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"பாத்தியா, உனக்குக் குடுத்ததையும் கெடுத்துக்கிட்ட," என்றார் முதலாளி. "திங்கக்கிழம என் ரூமுக்கு வா. பேசணும்."

"வர மாட்டேன் சார்."

"என்ன?"

"திங்கக்கிழமயும் வரல, அப்புறமும் வரல. தேதிய முன்னாடியே போட்டு வைன்னு சொல்ற ஆள்கிட்ட என்னால வேல பாக்க முடியாது." மூச்சை இழுத்தாள். "அது பாதி. மீதிப் பாதி, ஸ்மைலி இருக்குற எடத்துல நான் இருந்தா இன்னொரு நாளும் வாய மூடிக்கிட்டு நிப்பேன். எனக்கே தெரியுது. இங்க இருந்தா நான் நாசமாப் போயிடுவேன்."

"கோவத்துல எடுக்குற முடிவு இது."

"இல்ல சார். அந்த மறைப்ப அழிக்கும்போதே எடுத்துட்டேன்."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். முடியில் சிக்கிக்கொண்டது, இழுத்ததில் நாலைந்து முடியும் கூடவே வந்தது. அப்படியே மேசையில் வைத்தாள். அரங்கத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அக்கா ஏதோ சொன்னாள், கூட்டம் சிரித்தது. கூடவே ஸ்மைலியின் சிரிப்பும் மைக்கில் கேட்டது. வயிறு எரிந்தது, நேற்று எரிந்த அதே இடத்தில், கொஞ்சமும் குறையாமல்.

நின்று கேட்கவில்லை. வெளிக்கதவு கனமாக இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.